அரசு சுருங்கினால் பணக்காரர் கை ஓங்காதா? லிபர்டேரியன்கள் சொல்லும் பதிலும் அதன் ஓட்டைகளும்

"அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள் லிபர்டேரியன்கள். அரசு ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் பெரும் பணக்காரர்கள்தானே வந்து உட்காருவார்கள்? பணத்தின் செல்வாக்கைத் தடுக்க இவர்களிடம் ஏதாவது வழி இருக்கிறதா?" என்பது கேள்வி. (தனிமனிதச் சுதந்திரமே முதன்மை, அரசு மிகச் சிறிதாக இருக்க வேண்டும் என்பவர்கள்தான் லிபர்டேரியன்கள்.)

இருக்கிறது. பலர் நினைப்பதைவிட அது வலுவான பதில். ஆனால் எந்த அதிகாரத்தை முதலில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதே பதில் பணக்காரருக்கே சாதகமாகத் திரும்பிவிடும். அமெரிக்காவில் இந்த விவாதம் அரை நூற்றாண்டாகச் சட்டங்களாகவும் வழக்குகளாகவும் நடந்து வந்திருப்பதால் அங்கிருந்தே விளக்குகிறேன்.

அவர்களுடைய வாதத்தின் மையம் இது. ஒரு தொழிலதிபர் ஒரு செனட்டருக்குப் பணம் கொடுக்கிறார் என்றால், அந்த செனட்டரின் கையில் அவருக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. லைசென்ஸ், இறக்குமதி கோட்டா, மானியம், வரிவிலக்கு, கான்ட்ராக்ட், அடுத்தவர் நிலத்தை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம், இப்படி ஏதோ ஒன்று. கடையில் சரக்கு இருக்கும்வரை வாங்க ஆள் வரும். நன்கொடைக்கு உச்சவரம்பு வைத்தால் வாங்குபவர் முன்வாசலை விட்டுப் பின்வாசலுக்குப் போவார், அவ்வளவுதான். சரக்கையே குறைத்தால்தான் கூட்டம் குறையும். பணத்தின் செல்வாக்கை லிபர்டேரியன்கள் மறுப்பதில்லை. அது அரசின் அதிகாரத்தை ஏணியாக வைத்துத்தான் ஏறுகிறது என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் பொருளாதார அறிஞர்கள். ஒரு தொழிலின்மீது வரும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் அந்தத் தொழில்துறையே கேட்டு வாங்கிக்கொண்டவை என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-ல் எழுதினார். உழைத்து உற்பத்தி செய்வதற்குப் பதில் அரசிடம் சலுகை வாங்குவதற்காகச் செலவிடப்படும் பணத்தையும் உழைப்பையும் ஆன் க்ரூகர் 1974-ல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று இந்தியா. 1964-ல் லைசென்ஸ்களால் உருவான சலுகைகளின் மதிப்பு தேசிய வருமானத்தில் சுமார் 7.3 சதவீதம் என்பது அவருடைய மதிப்பீடு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1959-ல், 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று சாடி சுதந்திரா கட்சியைத் தொடங்கியிருந்தார் ராஜாஜி. அந்தக் கட்சியில் முன்னாள் மன்னர்களும் பெருநிலக்கிழார்களும் திரண்டதால் அது பணக்காரர் கட்சி என்ற பெயரையும் வாங்கியது. ஆக, உங்கள் கேள்வி நம் ஊருக்கும் பழையதுதான்.

சலுகை ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு மான்சர் ஓல்சன் 1965-ல் சொன்ன காரணம் எளிமையானது: ஆதாயம் சிலருக்குக் குவிகிறது, செலவு பலர்மீது தூவப்படுகிறது. அமெரிக்கச் சர்க்கரையைப் பாருங்கள். ஆலை தன் சர்க்கரையை அடகு வைத்து அரசிடம் கடன் வாங்கலாம். சந்தை விலை இறங்கிவிட்டால் சர்க்கரையை அரசிடமே விட்டுவிட்டுப் போகலாம், கடன் தீர்ந்ததாகக் கணக்கு. அப்படிக் குவிந்துவிடாமல் விலையை உயரத்தில் வைக்க, வெளிநாட்டுச் சர்க்கரைக்கு நாடுவாரியாகக் கோட்டா. இந்த ஏற்பாட்டால் 1998-ல் சர்க்கரையைப் பயன்படுத்துவோருக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு 190 கோடி டாலர் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 டாலர். 7 டாலருக்காக யாரும் வேலையை விட்டுவிட்டு வாஷிங்டனுக்கு ரயில் ஏற மாட்டார்கள். மறுபக்கம் இருக்கும் பெரிய பண்ணைக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். அது வக்கீல் வைக்கும், நன்கொடை தரும், இரு கட்சிக்கும் தரும்.

இது எவ்வளவு சிறிய தொழில்வரை இறங்கும் என்பதை லூசியானா மாநிலத்துச் சவப்பெட்டி வழக்கில் மிக அருகிலிருந்து பார்க்கலாம். நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்கே செயின்ட் ஜோசப் மடம் என்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்று உண்டு. இறந்த துறவிகளுக்கு அவர்களே மரத்தில் எளிய பெட்டி செய்வது வழக்கம். மடத்துக் காட்டு மரத்தை விற்பதும் ஒரு வருமானமாக இருந்தது. 2005-ல் கத்ரீனா புயல் அந்தக் காட்டை அழித்தது. 2007-ல் இரண்டு லட்சம் டாலர் முதல் போட்டுத் தச்சுப்பட்டறை அமைத்து, பெட்டிகளை 1,500, 2,000 டாலர் என விலைவைத்து விற்க முனைந்தார்கள். ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்பே, இறுதிச்சடங்குத் தொழிலுக்கு லைசென்ஸ் தரும் மாநில வாரியத்திடமிருந்து தடை உத்தரவு வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் சவப்பெட்டி விற்பது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

லைசென்ஸ் வாங்க என்ன வேண்டும்? 30 பேர் உட்காரும் அஞ்சலிக்கூடம், ஆறு பெட்டிகளைப் பார்வைக்கு வைக்கும் அறை, குடும்பத்தாரோடு பேசி ஏற்பாடு செய்ய ஓர் அறை, சடலத்தைப் பதப்படுத்தும் வசதி ஆகியவை உள்ள கட்டடம். கூடவே முழுநேரப் பணியாளராக லைசென்ஸ் பெற்ற இறுதிச்சடங்கு நடத்துநர் ஒருவர். இத்தனையும் ஒரு மரப்பெட்டி விற்க. பெட்டி எப்படிச் செய்யப்பட வேண்டும், என்ன உறுதி வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. லூசியானாவில் பெட்டி இல்லாமலே அடக்கம் செய்யலாம், சொந்தமாகச் செய்துகொள்ளலாம், வெளிமாநிலத்தில் வாங்கலாம். உள்ளூர் ஆள் உள்ளூர் ஆளுக்கு விற்பதுதான் தடை. இப்போது வாரியத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மொத்தம் ஒன்பது பேர்: நான்கு பேர் இறுதிச்சடங்கு நடத்துநர்கள், நான்கு பேர் சடலம் பதப்படுத்துபவர்கள், ஒரே ஒருவர் வெளியாள். யாரோடு போட்டியிடப் போகிறோமோ அவர்களிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை.

துறவிகள் சட்டமன்றத்தை இரண்டு முறை அணுகினார்கள். இரண்டு மசோதாவும் குழு நிலையிலேயே செத்துப்போயின. ஓல்சன் சொன்ன கணக்கு அப்படியே நடந்தது. கடைசியில் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு இலவசமாக வழக்கை நடத்த, ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் துறவிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தொழிலில் இருப்பவர்களுக்குப் போட்டி வராமல் காப்பது மட்டுமே ஒரு சட்டத்தின் நோக்கம் என்றால் அது அரசின் நியாயமான நோக்கம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். இதே சவப்பெட்டி விற்பனை பற்றி ஓக்லஹோமாவிலிருந்து வந்த வழக்கில் பத்தாவது சர்க்யூட் 2004-ல் நேர் எதிராகச் சொல்லியிருந்தது: உள்ளூர்த் தொழிலுக்குச் சலுகை கொடுப்பது அரசுகளுக்குரிய வேலைதான், நீதிமன்றம் தலையிடாது என்று. தொழில் சார்ந்த சட்டங்களைப் பொறுத்தவரை, ஏதாவது ஒரு காரணத்தைக் கற்பனை செய்ய முடிந்தாலே சட்டம் செல்லும் என்பதுதான் அமெரிக்க நீதிமன்றங்களின் பொதுவான அளவுகோல். சட்டத்தை இயற்றியவர்கள் மனதில் அந்தக் காரணம் இருந்ததா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். லிபர்டேரியன் வக்கீல்கள் இத்தனை ஆண்டுகளாக உடைக்க முயல்வது இந்த அளவுகோலைத்தான்.

இந்த இடத்தில் அவர்கள் வாதம் அசைக்க முடியாதது என்பது என் கருத்து. அரசின் அதிகாரம் குறைந்தது, பயனடைந்தவர்கள் சிறியவர்கள், எதிர்த்தவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்த காசுள்ளவர்கள்.

பெரிய அளவில் இதற்குச் சான்று விமானத்துறை. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்று தீர்மானித்தது. 1950 முதல் 1974 வரை உள்நாட்டுச் சேவை தொடங்க 79 புதிய விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுக்கும் அனுமதி இல்லை. ஆனால் ஒரே மாநிலத்துக்குள் பறக்கும் நிறுவனங்கள்மீது அந்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கலிஃபோர்னியாவுக்குள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக ஆன கட்டணம், ஏறக்குறைய அதே தூரமுள்ள பாஸ்டன் - வாஷிங்டன் கட்டணத்தில் பாதிகூட இல்லை. செனட்டர் எட்வர்ட் கென்னடி 1975-ல் நடத்திய விசாரணையில் இந்த ஒப்பீடுதான் எல்லோரையும் உலுக்கியது. வாரியத்தின் தலைவராக வந்த ஆல்ஃபிரட் கான் தன் வாரியத்தையே கலைக்க உழைத்தார். பெரிய விமான நிறுவனங்களில் யுனைடெட் தவிர ஏறக்குறைய எல்லாமே எதிர்த்தன. 1978-ல் சட்டம் வந்தது, 1985 தொடக்கத்தில் வாரியமே மறைந்தது. கென்னடியும் ஜனாதிபதி கார்ட்டரும் லிபர்டேரியன்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இடதுசாரிச் சாய்வுள்ளவர்களும் சந்தைப் பொருளாதார நிபுணர்களும் சேர்ந்தபோதுதான் பணபலத்தை மீறி அந்தச் சட்டம் நிறைவேறியது. இன்று நான்கு பெரிய நிறுவனங்கள் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றனவே என்று கேட்டால், இன்னும் பூட்டியிருக்கும் கதவுகளை லிபர்டேரியன்கள் காட்டுவார்கள்: வெளிநாட்டு நிறுவனம் உள்நாட்டு வழித்தடத்தில் பறக்கக் கூடாது, அமெரிக்க நிறுவனத்தில் வெளிநாட்டவர் வாக்குரிமை 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நெரிசலான விமான நிலையங்களில் இறங்கும் நேரங்கள் பழைய நிறுவனங்களின் கையில் என்று. வாதம் சரிதான். என்றாலும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்ததற்கும் அதில் பங்கு உண்டு, அதை அவர்கள் சற்று வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேர்தல் பணத்துக்கு வருவோம். லிபர்டேரியன்கள்மீது அதிகக் கோபம் வருவது இங்கேதான். 1974 திருத்தச் சட்டம், ஒரு தனிநபர் வேட்பாளரோடு சேராமல் தனியாக, அவரை ஆதரித்தோ எதிர்த்தோ ஆண்டுக்கு 1,000 டாலருக்குமேல் செலவழிக்கக் கூடாது என்றது. பக்லி எதிர் வாலியோ வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கான வரம்பை மட்டும் விட்டுவைத்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் லிபர்டேரியன் கட்சியும் ஒன்று. அவர்களின் காரணம்: தேர்தல் விதிகளை எழுதுபவர்கள் பதவியில் இருப்பவர்கள். ஊரறிந்த முகம் அவர்களுக்கு இருக்கிறது. பெயர் தெரியாத புதியவருக்குப் பணம் கூடுதலாக வேண்டும். வரம்பு வைத்தால் அடிபடுவது புதியவர்தான். சிட்டிசன்ஸ் யுனைடெட் என்ற அமைப்பு தொடுத்த வழக்கிலும் அதே நிலைப்பாடு. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு 30 நாளும் பொதுத்தேர்தலுக்கு 60 நாளும் முன்பாக, வேட்பாளர் பெயர் வரும் ஒளிபரப்புக்கு நிறுவனங்கள் பணம் செலவிடக் கூடாது என்பது 2002 சட்டம். 2009 மார்ச் விசாரணையில் நீதிபதிகள் கேட்டபோது, இந்தத் தர்க்கப்படி புத்தகத்தையும் தடுக்க முடியும் என்று அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு பதில் வழக்கின் போக்கையே மாற்றியது. 2010 ஜனவரியில் 5-க்கு 4 என்று சட்டம் விழுந்தது. இரண்டு மாதத்தில் கீழமை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவிடும் குழுக்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றது. 'சூப்பர் பேக்' எனப்படும் இந்தக் குழுக்கள் பிறந்தது அப்படித்தான்.

பேச்சுரிமை என்ற அளவில் நான் இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இங்கே அவர்களின் திட்டத்தில் எதை முதலில் செய்வது என்ற வரிசையில் ஒரு குறை இருக்கிறது. சரக்கைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்பது அவர்கள் கொள்கை. நடந்தது என்ன? வாங்குபவர்களுக்கு இருந்த கட்டு அவிழ்ந்தது, சரக்கு அப்படியே இருக்கிறது. இரண்டு சீர்திருத்தங்களில் பணக்காரருக்கு உதவும் ஒன்று நீதிமன்றம் வழியாக உடனே கிடைத்தது. அவரைக் கட்டுப்படுத்தும் மற்றொன்று சட்டமன்றத்தில் காத்துக்கிடக்கிறது.

வரிசை மாறினால் எவ்வளவு பெரிய சேதம் என்பதற்கு 1980-களின் சேமிப்பு, வீட்டுக்கடன் சங்கங்களைவிடத் தெளிவான பாடம் இல்லை. இந்தச் சங்கங்கள் மக்களிடம் டெபாசிட் வாங்கி, நீண்டகால நிலையான வட்டிக்கு வீட்டுக்கடன் கொடுத்துவந்தன. 1970-களின் இறுதியில் வட்டிவிகிதம் எகிறியபோது, வரும் வட்டியைவிடக் கொடுக்கும் வட்டி அதிகமாகி நஷ்டத்தில் மூழ்கின. 1980-ல் டெபாசிட்டுக்கான அரசு உத்தரவாதம் ஒரு கணக்குக்கு 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. 1982-ல் அவை எதில் முதலீடு செய்யலாம் என்ற கட்டுப்பாடு பெரிதும் தளர்த்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். திவாலாகும் நிலையில் உள்ள சங்கத்தின் முதலாளிக்கு இழக்கச் சொந்தப் பணம் மிச்சமில்லை. சூதாட்டம்போல் கட்டட முதலீட்டில் பணத்தைக் கொட்டி ஜெயித்தால் லாபம் அவருக்கு, தோற்றால் நஷ்டம் அரசுக்கு. டெபாசிட் போட்டவருக்கும் கவலை இல்லை. அதிக வட்டி தருகிற சங்கம் எதுவோ அங்கே போடுவார், பணம் போனால் அரசு தரும். 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் மூழ்கின. வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது சுமார் 12,400 கோடி டாலர். கட்டுப்பாட்டை நீக்கியது பத்திரிகைகளில் 'சுதந்திரச் சந்தை' என்று பேர் வாங்கியது. உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை மட்டும் எடுப்பது எந்த லிபர்டேரியன் கொள்கையிலும் கிடையாது. ஆனால் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லிப் பணம் செலவழிக்க ஆள் உண்டு, உத்தரவாதத்தை எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. அவர்களே கற்றுக்கொடுத்த ஓல்சன் கணக்கு, எந்தச் சீர்திருத்தம் நிறைவேறும் என்பதையும் இப்படித் தீர்மானித்துவிடுகிறது.

வரிக்கு வரம்பு வைப்பதிலும் இது நடக்கும். கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவு, சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடக்கியது. சொத்து கைமாறும்வரை மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குமேல் உயர்த்தக் கூடாது என்றது. விலைவாசி உயர்வில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய அச்சத்தில் இருந்த முதியவர்களுக்கு அது உண்மையான நிவாரணம். அதே விதி வணிகச் சொத்துக்கும் பொருந்தியது. நிறுவனங்களுக்கு வயதாவதில்லை, சாவதில்லை. நிலம் கைமாறாமல் பங்குகளை மட்டும் துண்டுதுண்டாகக் கைமாற்றவும் முடியும். விளைவு, பழைய சொத்துக்காரர் குறைவாகவும் புதிதாக வாங்கிய இளம் குடும்பம் பலமடங்கு அதிகமாகவும் கட்டும் நிலை. ஒரேமாதிரி வீடுகளுக்கு ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்த வழக்கு ஒன்று 1992-ல் உச்ச நீதிமன்றம்வரை போய், விதி செல்லும் என்று முடிந்தது.

இன்னும் ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. இன்றைய செல்வம் எல்லாம் நேர்மையான வியாபாரத்தில் வந்ததா? பறித்த நிலம், அடிமை உழைப்பு, அரசுச் சலுகை ஆகியவற்றிலிருந்து வந்த செல்வம் என்ன ஆவது? லிபர்டேரியன் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-ல் தன் நூலில் இதை நேராகவே எதிர்கொண்டார். நியாயமாகக் கிடைத்தது, நியாயமாகக் கைமாறியது என்ற இரண்டு விதிகளோடு, அநியாயமாக வந்ததைத் திருத்தும் விதி என்று மூன்றாவதாக ஒன்றும் வேண்டும் என்றார். ஆனால் அந்த மூன்றாவது விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விரித்து எழுதவில்லை. முதல் இரண்டை உற்சாகமாகப் பேசிவிட்டு மூன்றாவதை விட்டுவிடும் லிபர்டேரியன்கள் அதிகம். ஹில்லல் ஸ்டைனர், பீட்டர் வாலன்டைன் போன்ற இடதுசாரி லிபர்டேரியன்கள், நிலமும் இயற்கை வளமும் யாரும் உழைத்து உண்டாக்கியவை அல்ல, அவற்றை வைத்திருப்பவர் மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அது இந்த ஓட்டையைக் கணிசமாக அடைக்கிறது.

இயக்கத்துக்குள்ளேயே பணத்தின் பிடி இருந்ததையும் சொல்ல வேண்டும். 1980 தேர்தலில் லிபர்டேரியன் கட்சி பெரும் பணக்காரரான டேவிட் கோக்கைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியதற்கு முக்கியக் காரணம், பக்லி தீர்ப்பின்படி வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை வரம்பின்றிச் செலவிடலாம் என்பது. 1977-ல் தொடங்கிய கேட்டோ என்ற லிபர்டேரியன் ஆய்வு நிறுவனத்துக்குப் பங்குதாரர் அமைப்பு இருந்தது. அந்தப் பங்குகள் யாருக்கு என்று 2012-ல் டேவிட் கோக்கும் அவருடைய சகோதரரும் வழக்குப் போட்டார்கள். அரசின் லைசென்ஸ் எதுவும் இல்லாத இடத்திலும், முதல் போட்டவர் கட்டுப்பாட்டைக் கேட்டு வருவார் என்பதை அந்த ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். பங்குகளை ஒழித்து, தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாரியமாக மாற்றி அந்தச் சண்டையை முடித்தார்கள். பணத்தைத் தடுக்க விதி தேவைப்பட்டது. அது அவர்கள் தாங்களே எழுதிக்கொண்ட விதி.

அப்படியானால் நடைமுறையில் எதைப் பிடிப்பது? ஒரு 'தளர்வு' மசோதா வந்தால் நான் மூன்று இடங்களைத்தான் படிப்பேன். நீக்கப்படும் விதி உள்ளே நுழைபவரைத் தடுத்ததா, உள்ளே இருப்பவரைத் தடுத்ததா? முதல்வகை என்றால் பெரும்பாலும் நல்லது. அரசு உத்தரவாதமோ மானியமோ அப்படியே இருக்கிறதா? இருந்தால் அபாயம். லைசென்ஸ் தரும் வாரியத்தில் உட்கார்ந்திருப்பது யார்? இந்த வாரியங்களை உருவாக்கும் சட்டங்களுக்குக் காலாவதித் தேதி வைப்பதை கொலராடோ 1976-லேயே தொடங்கியது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் புதுப்பிப்பு விசாரணைக்கு வந்து உட்காருபவர்கள் அநேகமாக லைசென்ஸ் வைத்திருப்பவர்களே என்பதால் பெரும்பாலான வாரியங்கள் தப்பிவிடுகின்றன. அதைவிடக் கூர்மையான கருவி 2015-ல் கிடைத்தது. வட கரோலினாவில் எட்டுப் பேர் கொண்ட பல் மருத்துவ வாரியத்தில் ஆறு பேர் தொழில் செய்யும் பல் மருத்துவர்கள். மால்களில் குறைந்த விலைக்குப் பற்களை வெளுப்பாக்கும் கடைகள் வந்ததும், வாரியம் குறைந்தது 47 தடைக் கடிதங்கள் அனுப்பியது. போட்டி ஒழிப்புச் சட்டத்திலிருந்து அரசு அமைப்புகளுக்கு இருக்கும் விலக்கு எங்களுக்கும் உண்டு என்று வாதாடியது. தொழிலில் உள்ளவர்களே பெரும்பான்மையாக நடத்தும் வாரியத்தை மாநில அரசு தீவிரமாகக் கண்காணிக்காவிட்டால் அந்த விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகு பல மாநிலங்கள் தங்கள் வாரியங்களின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. யாராவது இந்த வேலையைத் தொடங்க விரும்பினால் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.